ஜி6 ஆடி 42,000 ரூபாய் விட்ட கதை

செஸ்ஸில் ஒரே ஒரு நகர்த்தலுக்காகப் பதினான்கு மாதத்தில் ஏறக்குறைய 42,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன். வெள்ளை இ4 என்று ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், கறுப்பில் நான் ஜி6 என்று ஒரு கட்டம் தள்ளுவேன் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை; இரண்டும் சேர்ந்தால் கட்டத்தின் பெயர்). அதற்குத்தான் இவ்வளவும். ஆன்லைன் கோர்ஸுக்கு 5,900, கோச்சுக்குப் பன்னிரண்டு மணி நேரம் 900 வீதம் 10,800, ஆறு டோர்னமெண்ட் நுழைவுக் கட்டணம் 9,200, பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 13,600, டிஜிட்டல் கடிகாரம் 2,400. பட்டறைக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் தொகை மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. ஆட்டத் தரத்தைக் காட்டும் ரேட்டிங்கில் போன 146 புள்ளி தனி. யாராவது முதல் மாதமே உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால் இப்போது நான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 39. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு. பள்ளிக்கூட நாளில் செஸ் ஆடியதோடு சரி. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது மறுபடி ஆசை வந்தது, குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் அது பைத்தியமாக முற்றியது. அப்போதெல்லாம் இ4-க்கு நான் இ5 தான். எதிரே உட்காருவது எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். ஒருத்தன் இத்தாலியன் ஆடுவான், ஒருத்தி ரூய் லோபஸ், இன்னொருவன் ஸ்காட்ச், நடுவில் எவனாவது கிங்ஸ் கேம்பிட் என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பான். பன்னிரண்டு பதினைந்து மூவ் வரை யோசிக்காமல் டப் டப்பென்று வைப்பார்கள். நான் ஐந்தாவது மூவிலேயே தலையைச் சொறிவேன்.

அந்த நேரத்தில்தான் மாடர்ன் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறை, கண்ணில் பட்டது. ஜி6, மந்திரி ஜி7, டி6. எதிராளி எதை ஆடினாலும் இந்த மூன்றையும் வைத்துவிடலாம், மனப்பாடம் வேண்டாம், எந்த வடிவத்துக்கும் வளையும் என்றார்கள். அலுவலகம் போகிற மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோர்ஸை வாங்கிவிட்டேன். முதல் இரண்டு பாடம் பார்த்தேன். அறுபதுக்கு மேல் பாடம் இருந்தது, மீதியைத் திறக்கவே இல்லை. ‘வளையும்’ என்று அவர்கள் சொன்னதை ‘எதிராளியைப் பார்க்கவே தேவையில்லை’ என்று நான் புரிந்துகொண்டேன். எல்லாத் தொல்லைக்கும் மூலம் இதுதான். வளையக்கூடிய ஓப்பனிங் என்றால் முடிவைத் தள்ளிப் போடலாம் என்றுதான் பொருள். தள்ளிப்போட்ட முடிவை எப்போது எடுப்பது என்று தெரியாவிட்டால் அது முடிவே இல்லாமல் போய்விடும்.

முதல் டோர்னமெண்ட் சேலத்திலேயே ஒரு கல்லூரி ஹாலில். இரண்டாவது ரவுண்டில் எதிரே பத்து வயதுப் பெண், இரட்டைப் பின்னல், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். நான் ஜி6, மந்திரி ஜி7, டி6, குதிரை எஃப்6, கேஸ்லிங் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி யானையைப் பக்கத்தில் நிறுத்துவது) என்று ஐந்து மூவையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவளுடைய மந்திரி இ3-ல், ராணி டி2-ல், ராஜா ராணி பக்கம் கேஸ்லிங் ஆகி இருந்தது. அப்புறம் மந்திரி எச்6. என் ஜி7 மந்திரியை மாற்றிக்கொண்டாள். எச்4, எச்5. சிப்பாயை வெட்டி வழி திறந்தாள். ராணி எச்6-ல் வந்து செக். குதிரை டி5-ல் வந்து, எச்7-ஐக் காத்துக்கொண்டிருந்த என் ஒரே குதிரையைக் கேட்டது. 23-வது மூவில் மேட். கை கொடுத்துவிட்டு, “அங்கிள், நான் இதை வீட்டுல நூறு தடவை ஆடியிருக்கேன்” என்றாள். அவளுக்கு அப்போது ரேட்டிங் இல்லை. ரேட்டிங் இல்லாதவரிடம் தோற்றால் நம் புள்ளி குறையாது. மானம் மட்டும்தான் போயிற்று.

இந்த அமைப்புக்கு 150 அட்டாக் என்று பெயர் என்பதே எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பிரிட்டனின் பழைய கணக்கில் 150 என்பது சாதாரண கிளப் ஆட்டக்காரரின் தரம். அவர்கள்கூட யோசிக்காமல் ஆடிவிடலாம் என்பதால் அந்தப் பெயர். அதாவது நான் எதை ஆட ஆசைப்பட்டேனோ, அந்த ‘மனப்பாடம் வேண்டாத’ ஆட்டம் வெள்ளைக்கும் இருந்திருக்கிறது. அவளுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ரேட்டிங் பற்றி இங்கே ஒரு வார்த்தை, புதிதாக இறங்குகிறவர்களுக்கு. எனக்கு முதலில் வந்த ரேட்டிங் 1587. 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அடிமட்டத்தை 1400-க்கு உயர்த்திய பிறகு வந்தது என்பதால் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் முதல் முப்பது ஆட்டம் வரை, புள்ளி ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கிடும் பெருக்கல் எண் நமக்கு 40. 1457 உள்ள ஒரு பையனிடம் தோற்றேன், ஒரே ஆட்டத்தில் 27 புள்ளி போனது. தமிழ்நாட்டில் 1450 என்று போட்டிருக்கிற பத்து வயதுப் பையன் உண்மையில் எவ்வளவு ஆடுவான் என்பது அவன் அடுத்த வருடம் எங்கே இருக்கிறான் என்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே புது ஓப்பனிங்கை அந்த முதல் முப்பது ஆட்டத்தில் பழகிப் பார்க்காதீர்கள். ரேட்டிங் கணக்கில் வராத உள்ளூர்ப் போட்டி, ஆன்லைன், பக்கத்து வீட்டுப் பையன், எங்கே வேண்டுமானாலும் பழகுங்கள். நான் நேராக ஆற்று வெள்ளத்திலேயே நீச்சல் பழகியவன் மாதிரி இறங்கினேன்.

மூன்றாவது டோர்னமெண்டில் நடந்ததை இப்போது சொன்னாலும் காது சூடாகிறது. இ4 ஜி6, டி4 மந்திரி ஜி7, குதிரை எஃப்3 டி6, மந்திரி சி4. கோர்ஸில் எங்கோ குதிரை டி7 என்று பார்த்த ஞாபகம், வைத்துவிட்டேன். அடுத்த நொடி அந்தப் பையன் மந்திரியை எஃப்7-ல் கொண்டுவந்து சிப்பாயை வெட்டி செக் கொடுத்தான். இலவச மந்திரி என்று நினைத்து ராஜாவால் வெட்டினேன். குதிரை ஜி5 செக். ராஜாவை இ8-க்குத் திருப்பினேன். குதிரை இ6. என் ராணி டி8-ல் உட்கார்ந்த இடத்திலேயே செத்தது. சுற்றிலும் என்னுடைய காய்கள்தான், நகர ஒரு கட்டம் இல்லை. வழக்கமாக அந்தக் குதிரையை சி8 மந்திரி வெட்டிவிடும். ஆனால் வழியில் டி7-ல் நானே ஒரு குதிரையை நிறுத்தியிருக்கிறேன். ராஜாவை எஃப்6-க்கு ஏற்றியிருந்தால் ராணி எஃப்3-ல் நேரே மேட், எஃப்8 போயிருந்தால் இ6-ல் ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்தே குத்து. ஏழு மூவ். ஒரு ரவுண்டுக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியிருந்த டோர்னமெண்டில் ஒன்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எதிரே இருந்த வண்டிக் கடையில் தட்டுவடை செட் இரண்டு பிளேட் சாப்பிட்டேன், காரச் சட்னி கூடுதலாகப் போடச் சொல்லி. கண்ணில் தண்ணீர் வந்தது சட்னியால் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை மந்திரி சி4-ல் வந்து, குதிரை எஃப்3-லும் இருந்தால், டி7-ல் குதிரையை வைக்காதீர்கள். குதிரை எஃப்6 வைத்து இ4 சிப்பாயைத் தொடுங்கள், இல்லை இ6 வைத்து அந்த மந்திரியின் வாயை அடைத்துவிடுங்கள். இந்த ஒரு வரிக்கு நான் கொடுத்தது அந்த டோர்னமெண்டின் முழுக் கட்டணம்.

அப்புறம் கோச். ஆன்லைனில் பிடித்தேன், பெயர் வேண்டாம். நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டு வகுப்பிலும் என் ஒரு ஆட்டத்தைக்கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்த வரிசைகளைத் திரையில் ஓட்டிக் காட்டுவார், முடிந்ததும் ஃபைல் அனுப்புவார். இருபது நகர்த்தல் ஆழம், கிளைக்குள் கிளை. நானும் தலையாட்டினேன். தப்பு என் பேரிலும்தான், “சார், போன வாரம் நான் தோத்ததைப் பாருங்க” என்று ஒரு தடவையாவது வாய் திறந்திருக்க வேண்டும். கோச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஆடிய மூவ்களை எழுதிய ஸ்கோர் ஷீட் பத்தை அனுப்பிப் பாருங்கள். அதைப் பார்த்துப் பேசுகிறவர் என்றால் தொடருங்கள்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? ஐந்தாவது டோர்னமெண்ட் முடிந்து திரும்பிய ஞாயிறு இரவு என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே, “ஏங்க, தோக்கறதுக்கு எதுக்குங்க பஸ் ஏறிப் போகணும், இங்கயே நம்ம பையன்கிட்ட தோக்கலாம்ல?” என்றாள். கோபம் வரவில்லை. அன்றைக்கு ரேட்டிங் 1441. 1400-க்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். அந்த வாரம் பலகையை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் தொடவில்லை.

ஐப்பசியில் மனைவியின் மாமா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிற அவர் வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலைக்கு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று நாள். பையில் பலகையையும் கறுப்பில் ஆடிய ஸ்கோர் ஷீட்களையும் ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் மழை. வேலைக்காரர்கள் வரவில்லை. போனில் சிக்னல் இல்லை, ஆட்டத்தை அலசிச் சொல்லும் செஸ் எஞ்சினும் இல்லை. காபிச் செடிகளுக்கு மேலே மூட்டம் வந்து ஜன்னல்வரை நின்றது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு ஆட்டமாகக் காயை நகர்த்திப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

கறுப்பில் ஆடிய 27-ல் இ4 வந்தது 21. அதில் வெற்றி 4, டிரா 2, தோல்வி 15. அந்தப் பதினைந்தையும் வகை பிரித்தபோதுதான் உடம்பு சில்லிட்டது, குளிரால் மட்டுமில்லை. எட்டில் ஒரே கதை. வெள்ளை எங்கே வரப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே நான் ராஜா பக்கம் கேஸ்லிங் செய்து, எச் வரிசையில் அடி வாங்கியிருந்தேன். நாலில் பன்னிரண்டாவது மூவ் வரைக்கும் நடுவைச் சிப்பாயால் முட்டும் சி5-ம் இல்லை, இ5-ம் இல்லை, நடுவில் வெள்ளைச் சிப்பாய்கள் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து உட்கார்ந்திருக்க நான் ஓரத்தில் மூச்சு முட்டிச் செத்திருந்தேன். இரண்டு, சி4 மந்திரியால். ஒன்றே ஒன்றுதான் நேரம் தீர்ந்து தோற்றது. ஓப்பனிங் தோற்கவில்லை. நான்தான் எதிராளியைப் பார்க்காமல் ஆடியிருந்தேன். தோற்ற ஆட்டங்களைக் கையால் எழுதி வகை பிரிக்க இரண்டு பகலும் ஒரு இரவும் ஆயிற்று. செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

அந்த நோட்டில் இருப்பதைத்தான் இப்போது ஆடுகிறேன். என்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் சிரிக்கலாம், 1500 சுற்றியிருப்பவர்களுக்கு உதவும். வெள்ளை மந்திரி இ3, ராணி டி2 என்று வந்தால் நான் கேஸ்லிங் செய்வதில்லை, குதிரையையும் எஃப்6-க்கு அவசரமாக எடுப்பதில்லை. ஏ6, பி5, மந்திரி பி7, குதிரை டி7. ராஜா நடுவிலேயே நிற்கட்டும். ஸ்வீடனின் டைகர் ஹில்லார்ப் பெர்சன் இந்த ஏ6 வகையை ஆடியே பேர் வாங்கியவர். இதில் சூட்சுமம் என்னவென்றால், என் ராஜா ஜி8-ல் இல்லாதபோது எச் வரிசை திறந்தால் அங்கே நிற்பது என் யானை. அவன் வெட்டித் திறந்த வழி எனக்கும் வழிதான். அவன் எச்4 தள்ளினால் பெரும்பாலும் எச்5 என்று குறுக்கே ஒரு கல்லைப் போட்டுவிடுவேன். வெள்ளை அமைதியாக குதிரை எஃப்3, மந்திரி இ2 என்று ஆடிக் கேஸ்லிங்கும் செய்துவிட்டால் அங்கே பயமில்லை, குதிரை எஃப்6, நானும் கேஸ்லிங். இது மாடர்னுக்கு நெருங்கிய சொந்தமான பிர்ட்ஸ் டிஃபென்ஸாகவே மாறிவிடும். அதில் மந்திரி ஜி4 வைத்து எஃப்3 குதிரையை வாங்கிக்கொள்வது எனக்குப் பிடித்த வேலை. இடம் குறைவாக இருக்கும்போது ஒன்றிரண்டு காயை மாற்றினால் மூச்சு வரும், டி4 சிப்பாயின் காவலும் ஒன்று குறையும். சி4 சிப்பாயும் சேர்த்துத் தள்ளினால் இ5, அல்லது குதிரை எஃப்6 வைத்து கிங்ஸ் இந்தியன் என்ற இன்னொரு ஓப்பனிங்குக்குள் நுழைவது. எதுவானாலும் பத்தாவது மூவுக்குள் நோட்டில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: சி5-ஆ, இ5-ஆ? இரண்டில் எதற்கும் தயாராக இல்லை என்றால் எங்கேயோ தப்பு நடக்கிறது.

மனப்பாடமே வேண்டாம் என்பது மட்டும் பொய். வெள்ளை எஃப்4 தள்ளி மூன்று சிப்பாயை வரிசையாக நிறுத்தும் ஆஸ்திரியன் அட்டாக் வந்தால் சில மூவ்கள் தெரிந்தே ஆகவேண்டும். குதிரை எஃப்6, பிறகு சி5, வெள்ளை வெட்டினால் ராணி ஏ5. சிப்பாய் திரும்பி வந்துவிடும். ஆனால் வெள்ளை வெட்டாமல் மந்திரி பி5 செக் கொடுத்து இ5 என்று பாய்ந்தால் காடு. 1972-ல் ரெய்க்யவிக்கில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஸ்பாஸ்கிக்கு எதிரான 17-வது ஆட்டத்தில் ஃபிஷரே கறுப்பில் பிர்ட்ஸ் ஆடினார், வந்தது இந்த எஃப்4 தான், டிராவில் முடிந்தது. அவருக்கே டிராதான் கிடைத்த இடத்தில் நான் வந்த வழியைப் பார்த்து ஆடுவேன் என்பது திமிர். அந்தப் பக்கத்தை மட்டும் நோட்டில் முழுதாக எழுதவில்லை, சோம்பல்.

இன்னொன்று. எஞ்சினைத் திறந்தால் இந்த ஓப்பனிங்கில் வெள்ளைக்கு அரைச் சிப்பாய், முக்கால் சிப்பாய் கூடுதல் என்று காட்டிக்கொண்டே இருக்கும். முதலில் அதைப் பார்த்து நாலு தடவை ஓப்பனிங் மாற்ற நினைத்தேன். எங்கள் தரத்தில் முக்கால் சிப்பாய் யாருக்கும் தெரியாது, முழு ராணியே தெரிவதில்லை. 1999-ல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில் காஸ்பரோவ், டோப்பலோவை அடித்த புகழ்பெற்ற ஆட்டமும் பிர்ட்ஸ் தான் என்று மலையிலிருந்து இறங்கிய பிறகு பார்த்தேன். வெள்ளை வைத்தது அதே மந்திரி இ3, ராணி டி2, எஃப்3, மந்திரி எச்6. டோப்பலோவ் என்னைப் போல ராஜா பக்கம் போகாமல் ராணி பக்கம்தான் கேஸ்லிங் செய்திருக்கிறார். காஸ்பரோவ் அங்கேயும் யானையைப் பலி கொடுத்து, அந்த ராஜாவைப் பலகையின் மறுகோடிவரை துரத்தியிருக்கிறார். ஏனோ எனக்கு அதில் பெரிய ஆறுதல்.

ஆறாவது டோர்னமெண்ட் போன மாதம், மறுபடி சேலத்தில். ஐந்தாவது ரவுண்டில் யாரோடு யார் என்கிற பேரிங் பட்டியலைப் பார்த்தால் அதே இரட்டைப் பின்னல். இப்போது அவளுக்கு ரேட்டிங் 1523. இ4, ஜி6. மந்திரி இ3, ராணி டி2. இந்தத் தடவை டீ குடிக்கப் போகவில்லை. ஏ6, குதிரை டி7, பி5. அவள் ராணி பக்கம் கேஸ்லிங் செய்து எச்4 தள்ளினாள், எச்5 வைத்தேன். முகத்தில் சின்னதாக ஒரு சுளிப்பு. பன்னிரண்டாவது மூவில் சி5. அவள் ராஜா இருந்த பக்கம் வரிசை திறந்தது. ராணிகள் மாறி, ஒரு சிப்பாய் கூடுதலோடு யானை முடிவாட்டத்துக்கு வந்தேன். அங்கே நேரம் குறைந்து, கை நடுங்கி, அந்தச் சிப்பாயை விட்டு, 61-வது மூவில் டிரா. யானை முடிவாட்டம் எனக்குத் தெரியாது என்பது வேறு கதை, அதற்கும் பணம் செலவாகும் போலிருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் காய்களை அடுக்கும்போது கேட்டாள், “அங்கிள், ஏன் இந்தத் தடவை கேஸ்லிங்கே பண்ணல?”

“நீ எச்4 ஆடுவேன்னு தெரியும்மா.”

கொஞ்சம் யோசித்தாள். “சரி, அடுத்த தடவை எஃப்4 ஆடறேன்” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு நோட்டை எடுத்து, அரைகுறையாக விட்டிருந்த அந்த எஃப்4 பக்கத்தைத் திறந்தேன்.